ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கும் சர்க்கரை

ஜெபமணியின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நவம்பர் மாதத்திலிருந்து ஒரு மீன்முள் ஒட்டிக்கொண்டிருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சிவப்பு மையில் ‘ஜெபாவின் சர்க்கரை’ என்று எழுதியிருந்தது. முதுகெலும்பிலிருந்து மேலும் கீழுமாக ஆறு முட்கள்: ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை, சூழல், அளவீடு. ‘இயந்திரம்’ என்ற முள்ளின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘வயது 54. ஹார்மோன் சப்ளை நின்று 2 ஆண்டு.’

“மெஷினு யாருங்க?” என்று ஒட்டிய அன்றைக்கே கேட்டாள் ஜெபமணி.

“பர்சனலா எடுத்துக்காத ஜெபா. இது கம்பெனியில கோளாறுக்குக் காரணம் தேடற ஃபார்மட்டு.”

வரைந்தவர் அவள் கணவர் அற்புதராஜ். ஓசூர் சிப்காட்டில் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்த்தவர். மத்திகிரி வீட்டு கேட்டில் பித்தளைப் பலகை தொங்கும்: ‘ச. அற்புதராஜ், துணை மேலாளர், தர உறுதி (ஓய்வு)’. ‘ஓய்வு’ மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் இருக்கும். கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் தரத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. வந்த வேகத்தில் செருப்பு விடும் இடத்துக்கு மஞ்சள் பெயிண்டால் எல்லை கட்டினார். உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டினார். வாசலில் நாய் படுக்க ஒரு சதுரம் வரைந்து ‘நாய்’ என்று எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத நாய் இரண்டடி தள்ளிப் படுத்தது.

இப்படி வீட்டில் சீர்திருத்த ஒன்றும் மிச்சமில்லாமல் மனிதர் வாடிப்போயிருந்த நேரம் பார்த்துத்தான் மனைவியின் ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று அவருக்கு.

ஜெபமணி டாக்டரிடம் போனது சர்க்கரைக்காக இல்லை. திடீர் திடீரென்று மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காது மடல் வரை பற்றிக்கொள்ளும். இரண்டு நிமிஷம் வியர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். போதாததற்கு இடுப்பு அதே இடுப்பாக இருக்க, வயிறு மட்டும் தனி வழி போய்க்கொண்டிருந்தது. பழைய ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. பாகலூர் ரோட்டுப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் லாவண்யா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பேனா மூடியால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“மாதவிடாய் நின்னதுக்கப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சுடும்மா. அது இருந்த வரைக்கும் கொழுப்பு இடுப்புலயும் தொடையிலயும் தங்கும். இப்ப வயித்துக்கு வந்து சேருது. வயித்துக் கொழுப்பு இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடாது. அதான் சர்க்கரை ஏறப் பாக்குது, கொலஸ்ட்ராலும் கூட வருது. நீங்க தப்பு எதுவும் பண்ணலை. மூணு மாச ஆவரேஜ் ஆறு புள்ளி ரெண்டு இருக்கு. இது சர்க்கரை நோய் இல்ல, வாசப்படி. உள்ள போவாம திரும்பிடலாம்.”

“எப்படிங்க திரும்பறது?”

“சோத்தைப் பாதியாக்குங்க. முட்டை, கொள்ளு, சுண்டல் கூட்டுங்க. சாப்பிட்டதும் உக்காராதீங்க, நடங்க. வெயிட்டு தூக்குங்க, சதை கரையக் கூடாது. நல்லாத் தூங்குங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம், தேவைன்னா மாத்திரை. அந்தச் சூடு தாங்க முடியலைன்னா அதுக்கும் மருந்து இருக்கு, பேசலாம்.”

பக்கத்து நாற்காலியில் அற்புதராஜ் ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கேள்வி வருகிறது என்று அர்த்தம்.

“மேடம், நீங்க சொல்றதெல்லாம் கரெக்ஷன். நான் கேக்கறது ரூட் காஸ். மூலக் காரணம் என்ன?”

“வயசுங்க சார்,” என்றாள் டாக்டர்.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ‘வயசு’ என்று எழுதி எந்த ரிப்போர்ட்டையும் அவர் மூடியதில்லை. அன்று சாயங்காலமே மீன்முள் வரைந்தார். வரைந்து, ஆறு முள்ளையும் ஒவ்வொன்றாக மென்று, கடைசியில் ‘சூழல்’ என்ற முள்ளில் வந்து நின்றார். அங்கே எழுதியிருந்தது: ‘வேலை.’

ஜெபமணியின் வேலை ரோஜாப்பூ. பேரிகை போகிற ரோட்டில் பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பண்ணை. அங்கே பூவைத் தரம் பிரித்துக் கட்டும் கொட்டகையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். மற்றவர்கள் காம்பை மேஜையில் வைத்து நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் என்று கோடு பார்ப்பார்கள். ஜெபமணி கையில் எடுத்தாலே போதும். வீட்டில் தரத்துக்காகப் பித்தளைப் பலகை வைத்தவர் ஒருவர். பலகை இல்லாமல் தரம் பார்ப்பவர் இன்னொருவர். ஐம்பத்தெட்டு வயது வரை அங்கேயே நிற்பது என்பது அவள் எண்ணம். அதற்கேற்ற மாதிரி மேனேஜர் திம்மப்பன் தம் கன்னடத் தமிழில் காதோடு ஒன்று சொல்லி வைத்திருந்தார்: “பிப்ரவரி ரஷ்ஷு முடியட்டும் ஜெபமணியம்மா, மார்ச் ஒண்ணாந்தேதி கொட்டகைக்கு நீங்கதான் இன்சார்ஜ். ஆய்த்தா?”

ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் வீட்டில் வேலை ஒரு முள்ளாகியிருந்தது.

“காலையில ஆறரைக்கு வேன், நாளெல்லாம் நிக்கற, கோல்டு ரூமுக்குள்ள போற, வெளிய வர்ற. ஸ்ட்ரெஸ்ஸு. ஸ்ட்ரெஸ்ஸுன்னா சர்க்கரை,” என்றார் அற்புதராஜ். “வேலைய விடு, சரியாயிடும்.”

“டாக்டரு நடன்னு சொல்றாங்க, தூக்குன்னு சொல்றாங்க. அங்க பூ பக்கெட்டு தூக்கறேன். இங்க என்னா தூக்கறது? உங்க ஃபைலா?”

“டேட்டா இல்லாம பேசாத ஜெபா. தொண்ணூறு நாள் தினம் காலையில வெறும் வயித்துல சர்க்கரை எடுப்போம். சார்ட்டு போடுவோம். சார்ட்டு எறங்கினா நீ சொல்றது. ஏறினா மார்ச்சு மாசம் வேலைக்குப் போவக் கூடாது. சரியா?”

அதையும் கம்பெனி வழக்கப்படி தட்டச்சு செய்து, கீழே இரண்டு கோடு போட்டுக் கொண்டுவந்தார். ஜெபமணி கையெழுத்துப் போட்டாள். இந்த மனுஷனிடம் வாயால் ஜெயித்த நாள் இல்லை, காகிதத்தால் ஜெயிக்கலாம் என்று ஒரு நப்பாசை.

மறுநாளிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குச் சடங்கு தொடங்கியது. அற்புதராஜ் டிரேயில் மெஷின், ஸ்டிரிப், ஊசி, ஸ்பிரிட் பஞ்சு எல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு வருவார். அவள் விரலை ஸ்பிரிட்டால் துடைப்பார். குத்துவார். தம் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அவள் விரல் நுனியை நன்றாக அழுத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவழைப்பார். நம்பரைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். சார்ட்டில் ஒரு புள்ளி.

“நானே எடுத்துக்கறேன் குடுங்க, டி.வி.யில பாத்திருக்கேன்.”

“தினம் ஒரே ஆளு எடுக்கணும். ஆளு மாறினா அளவு மாறும். இது அடிப்படை.”

வீட்டில் இருந்த சர்க்கரை, வெல்லம், ஜாம், பிஸ்கட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். “இந்த வீட்டுல இனிமே இனிப்புங்கற பேச்சே கிடையாது. நானும் விட்டுட்டேன்,” என்று ஞாயிறு பூசைக்கு வரும் பங்குக் கோயில் ஆட்களிடம் சொன்னார். பெண்டாட்டிக்காக இனிப்பை விட்ட புருஷன் என்று நாலு பேர் அவரை மெச்சினார்கள். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார், அந்த அடக்கம் நாலு பேருக்கும் தெரிகிற மாதிரி.

ஜெபமணி அவள் பாட்டுக்கு டாக்டர் சொன்னதைச் செய்தாள். சோறு பாதி, கொள்ளுச் சுண்டல் ஒரு கிண்ணம், இரண்டு முட்டை. ராகிக்களி உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியது. சாயங்காலம் வேனை விட்டுக் கால்நடைப் பண்ணை மதிலோரம் இறங்கி, ஹமீதுன்னிசாவோடு வீடு வரை நடந்தாள். ஹமீதுன்னிசா அதே கொட்டகையில் கோல்டு ரூமைப் பார்த்துக்கொள்பவள், ஐம்பத்தோரு வயது, வீடு இரண்டு தெரு தள்ளி. நாக்கு மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது.

அந்தக் கோல்டு ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டிய பூவெல்லாம் மூன்று டிகிரியில் அங்கேதான் நிற்கும். கொட்டகையில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஆறு பேர். யாருக்காவது சூடு கிளம்பினால், “ஸ்டாக்கு எண்ணிட்டு வந்துடறேன்,” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரண்டு நிமிஷம் ரோஜாக்களோடு நின்றுவிட்டு, புதுப்பெண் மாதிரி முகம் குளிர்ந்து வெளியே வருவார்கள். ஒரு பூ ஒரு நாளைக்குப் பதினோரு தடவை எண்ணப்படுவது ஏன் என்று திம்மப்பனுக்கு விளங்கியதே இல்லை. கணக்கில் இவ்வளவு அக்கறையுள்ள பெண்களை எந்தப் பண்ணையிலும் பார்த்ததில்லை என்று பெங்களூர் முதலாளியிடம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது பூவுக்கு வெச்ச ஏ.சி.யா, நமக்கு வெச்சதா?” என்பாள் ஹமீதுன்னிசா.

“பூவு வாடினா ஆர்டரு போவும். நாம வாடினா யாரு கேக்கறா? எண்ணு எண்ணு, ரெண்டு கட்டு விட்டுட்ட.”

ஜனவரிக்குள் ஜெபமணிக்கு உடம்பு லேசானது. இறுக்கிய பாவாடை நாடா இரண்டு விரல் தளர்ந்தது. பக்கெட்டைத் தூக்கும்போது முன்னைப் போல மூச்சு வாங்கவில்லை. ராத்திரி தூக்கம் வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது, சார்ட்டைத் தவிர. சார்ட் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நூற்றிருபத்தெட்டு, நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்திரண்டு. பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள் தொபுக்கென்று நூற்றைந்துக்கு விழும். மறுநாள் மறுபடி மலையேறும். தூரத்திலிருந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருந்தது.

அந்த ரம்பத்தை முதலில் படித்தவர் அற்புதராஜ்தான். ஒரு நாள் ஸ்கேலோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு, அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் குரலில் கூப்பிட்டார்.

“ஜெபா, இங்க வா. எறங்கற நாளெல்லாம் என்ன கிழமைன்னு பாரு.”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன?”

“லீவு.”

“அவ்ளோதான். கேஸ் முடிஞ்சது.” ஸ்கேலைப் பிரம்பைப் போல உயர்த்திப் பிடித்தார். “வேலைக்குப் போற நாளு ஏறுது, லீவு நாளு எறங்குது. நான் சொல்லலை, டேட்டா சொல்லுது.”

காகிதத்தால் ஜெயிக்கப் பார்த்தவளைக் காகிதமே காட்டிக்கொடுத்துவிட்டது. நம்பர் பொய் சொல்லுமா? பத்தொன்பது வருஷம் நின்ற மேஜையும், மார்ச் ஒண்ணாந்தேதியும் அன்றைக்கே கையைவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் திம்மப்பன் எதிரே வந்தால் அவள் பூவைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி வந்தது. காதலர் தினத்துக்கு உலகமே சிவப்பு ரோஜா கேட்கும். ஓசூர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் இருபது நாளுக்கு ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. பூசைக்குக்கூடப் போகாமல் ஜெபமணி பூக் கட்டினாள். பன்னிரண்டாம் தேதி கடைசி லாரி கிளம்பிய கையோடு அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனாள். அற்புதராஜ் சார்ட்டைச் சுருட்டி, குழாய் டப்பாவில் போட்டு எடுத்துவந்தார்.

“அஞ்சு புள்ளி எட்டு,” என்றாள் டாக்டர் லாவண்யா, ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்கி. “கொலஸ்ட்ரால் எறங்கியிருக்கு. இடுப்பு அளவு அஞ்சு சென்டிமீட்டர் கம்மி. என்னம்மா பண்ணீங்க?”

“நீங்க சொன்னதைத்தாங்க.”

“சொன்னதைச் செய்யறவங்கள நான் பாத்து ரொம்ப நாளாச்சு. மாத்திரை வேண்டாம். இப்படியே போங்க. வேலையை மட்டும் விட்டுடாதீங்க, அந்த நிக்கறதும் தூக்கறதும்தான் உங்களுக்கு மருந்து.”

ஜெபமணி சிரிக்கத் தொடங்குமுன் அற்புதராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“மன்னிக்கணும் மேடம். உங்ககிட்ட ஒரு பாயிண்டு இருக்கு. என்கிட்ட எண்பத்தெட்டு பாயிண்டு இருக்கு.” சார்ட்டை மேஜைமேல் விரித்தார், அது டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பையும் டீயையும் சேர்த்து மூடியது.

டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வீட்டுல எடுக்கறதுல ஏதோ தப்பு நடக்குதுங்க சார்.”

தப்பு என்ற சொல்லை அவரைப் பார்த்து யாரும் சொல்லி எட்டு வருஷம் இருக்கும். போகிற வழியில் லேப்பில் மீசை நரைத்த டெக்னீஷியனிடம் நின்று, “உங்க மெஷினுக்குக் காலிபரேஷன் சர்டிஃபிகேட் இருக்கா? பாக்கலாமா?” என்று கேட்டார். அந்த ஆள் கையிலிருந்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, “சாருக்கு பி.பி. பாக்கட்டுங்களா?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொல்லப்பட்டது. “நாம கையெழுத்துப் போட்டது சார்ட்டுக்கு. லேப்புக்கு இல்ல. சனிக்கிழமையோட தொண்ணூறு நாள். அன்னிக்கு ரிவ்யூ மீட்டிங். நீ ராஜினாமா எழுதி வெச்சுக்க. ஃபார்மட்டு வேணா நான் தரேன்.”

மறுநாள் கொட்டகையில் வேலை குறைவு. விற்காமல் நின்ற குட்டைக் காம்புகளை உள்ளூர் மார்க்கெட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபமணி விஷயத்தைச் சொல்லி, போனில் எடுத்து வைத்திருந்த சார்ட் படத்தை ஹமீதுன்னிசாவிடம் நீட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்க்கா இப்படி விழுவுது?”

“லீவுல்ல. அதான் விழுவுதாம்.”

“லீவா?” ஹமீதுன்னிசா கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். “போன மூணு ஞாயிறும் என் பக்கத்துல நின்னு பூக் கட்டினது யாரு, உங்க ஆவியா?”

ஜெபமணி போனை வாங்கிப் பார்த்தாள். ஆமாம், அந்த மூன்று ஞாயிறும் புள்ளி கீழேதான் கிடந்தது. வேலைக்கு வந்த ஞாயிறுகள். அவள் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். ஞாயிறு அல்லாமல் இன்னும் மூன்று புள்ளிகள் கீழே இருந்தன. அற்புதராஜ் அவற்றை வட்டமிட்டு ‘காரணம் தெரியவில்லை, ஒதுக்குக’ என்று எழுதியிருந்தார். மூன்றும் வெள்ளிக்கிழமை. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று.

“முதல் வெள்ளி,” என்றாள் ஜெபமணி மெதுவாக.

“அதென்னாக்கா?”

“மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை காலையில கோயில்ல பூசை. அவரு தவறாம போவாரு. நான் போறதில்ல, வேன் புடிக்கணுமே. பூசையில நற்கருணை அப்பம் வாங்கணும்னா அதுக்கு முன்னாடி ஒண்ணும் சாப்பிடக் கூடாது. இப்பல்லாம் ஒரு மணி நேரம் இருந்தாப் போதும்னு சாமியாரே சொல்லிட்டாரு. இவரு பழைய சட்டம். ராத்திரி பன்னெண்டிலேர்ந்து பச்சைத் தண்ணி தொட மாட்டாரு.”

“ஞாயிறும் பூசை.”

“ஞாயிறும் பூசை.”

ஹமீதுன்னிசா போனை எட்டிப் பார்த்தாள். “அப்ப நோன்பு இருக்கறது மாமா, சர்க்கரை எறங்கறது உங்களுக்கு. எங்க நோன்புலகூட இப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லக்கா.”

அவள் சிரிப்பு அடங்குவதற்குள், மேஜையின் அந்தக் கோடியில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே பூவை எடுத்தாள். ஜெபமணிக்கு வாய் தானாகவே திறந்தது, பத்தொன்பது வருஷப் பழக்கம்: “ஏ பொண்ணு, தின்ன கையோட பூவத் தொடாத. கழுவிட்டு வா. இனிப்பு ஒட்டினா எதழு அழுவிப்போவும்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். தினமும் அதைப் பிடித்து அழுத்துகிற இரண்டு விரல்களை நினைத்தாள்.

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கே விழித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். ஐந்தரைக்கு அற்புதராஜ் எழுந்தார். பூனை நடை நடந்து ‘அலுவலகம்’ என்று அட்டை மாட்டிய சின்ன அறைக்குள் போனார். ஜெபமணி எழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டி ஃபைல் வெளியே வந்தது. முதுகில் ‘காலாவதியான ஆவணங்கள் – கலைக்க வேண்டாம்’ என்று இருந்தது. அதைக் கலைத்தார். உள்ளே பேக்கரி அட்டைப்பெட்டி. அதில் ஜாம் தடவி, தேங்காய்ப்பூ தூவி, பாகில் ஊறிச் சொட்டிக்கொண்டிருக்கும் ஹனி கேக் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் இருப்பவரைவிடப் பக்தியாகச் சாப்பிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். ஃபைலை மூடினார். தரை ஓரமாக ஒரு எறும்பு வரிசை பீரோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மூலக் காரணம் கண்டுபிடிக்க அவற்றுக்குச் சார்ட் தேவைப்படவில்லை.

ஐந்தே முக்காலுக்கு டிரே வந்தது. ஜெபமணி விரலை நீட்டினாள். ஸ்பிரிட், ஊசி, அழுத்தல்.

“நூத்தி ஐம்பத்தொண்ணு,” என்றார் அற்புதராஜ். குரலில் வருத்தம் இருந்தது. வெற்றி அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. “நான் என்ன பண்ணட்டும் ஜெபா, டேட்டா இப்படி இருக்கு.”

“இருங்க.” அவள் குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு விரலைத் தானே குத்தி, தானே அழுத்தினாள். நூற்று மூன்று.

“ஆளு மாறிடுச்சு. அதான் அளவு மாறுது. நான் அப்பவே சொன்னேன்ல?”

“சரிங்க, நீங்களே எடுங்க. ஆனா நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க.”

“நான் எதுக்கு?”

“சும்மா, ஒரு டேட்டாவுக்கு.”

டேட்டா என்ற பிறகு மறுக்க அவருக்கு வழியில்லை. கழுவினார். குத்தினார். அழுத்தினார். மெஷின் ஐந்து வினாடி யோசித்து நூற்று இரண்டு என்றது.

அற்புதராஜ் மெஷினைப் பார்த்தார், தம் விரல்களைப் பார்த்தார். மீசை ஓரத்தில் ஒரு தேங்காய்ப்பூத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதை ஜெபமணி பார்த்தாள். இப்போதைக்கு அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டாள்.

“ஞாயித்துக்கிழமையும் முதல் வெள்ளியும் நீங்க பூசைக்குப் போறீங்க. அன்னிக்கு மட்டும் அந்தக் காலாவதி ஃபைலைத் தொறக்கறதில்ல. நீங்க தின்னா எனக்கு ஏறுது. நீங்க நோன்பிருந்தா எனக்கு எறங்குது. நம்ம கல்யாணத்துல சாமியாரு ஓருடல்னு சொன்னாரு, சும்மா சொல்றாருன்னு நெனைச்சேன்.”

“எத்தனை நாளா தெரியும்?”

“நேத்து மத்தியானத்திலேர்ந்து. கேக்கு இன்னிக்குத்தான்.”

“விட முடியலை ஜெபா,” என்றார். துணை மேலாளர் குரல் இல்லை அது. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் வேற.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் பாவம் பார்க்க இது நேரமில்லை; வேன் ஆறரைக்கு.

“ரிவ்யூ மீட்டிங்குன்னீங்களே. எழுதுங்க.”

ஒரு ரிப்போர்ட் திறந்துவிட்டால் மூடாமல் விடக்கூடாது என்பதில் அற்புதராஜ் உண்மையாகவே நேர்மையான மனிதர். ஃபார்மட்டை எடுத்தார். ‘வந்தோர்: 2. வராதோர்: இல்லை’ என்று எழுதினார். ‘மூலக் காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தயங்கியது. பிறகு எழுதிப் படித்துக் காட்டினார்: “அளவீட்டின்போது வெளிப்பொருள் கலக்க நேர்ந்தது.”

“எப்படிங்க நேரும்? தானா பறந்து வந்துச்சா?”

அடித்துவிட்டு, “அளவெடுப்பவரின் விரலில் வெளிப்பொருள் இருந்தது,” என்றார்.

“என்னா பொருளு?”

“…இனிப்பு.”

“யாரு அளவெடுக்கறவரு? கம்பெனியில இப்படி எழுதினா ஒத்துக்குவீங்களா?”

பெருமூச்சு விட்டுப் பெயரை எழுதினார். பழக்கதோஷத்தில் பக்கத்தில் ‘துணை மேலாளர்’ என்றும் எழுதினார். ‘ஓய்வு’ என்பதை ஜெபமணி சொல்லிச் சேர்க்க வைத்தாள். ‘திருத்த நடவடிக்கை’ என்ற இடத்தில், “இனி ஜெபமணி தானே எடுத்துக்கொள்வார்,” என்று வந்தது. ‘முடிவு’ என்ற கடைசிக் கட்டத்தை அவர் கேட்காமலே நிரப்பினார். ‘வேலை: தொடரும்.’ கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“அப்ப நான் காலையில என்ன பண்றது?” என்றார், காலி டிரேயைப் பிடித்துக்கொண்டு. தொண்ணூறு நாள் ஒரு உத்தியோகத்தில் இருந்துவிட்டு மறுபடி ரிட்டயர் ஆன முகம்.

“முட்டை அவிச்சு வைங்க. எனக்கு ரெண்டு. அப்புறம் திங்கக்கிழமை என்கூட லேப்புக்கு வாங்க, உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். வாழ்நாள்ல ஒரு தடவையாச்சும் உங்களுக்கு யாராவது தரம் பாக்கட்டும்.”

ஆறரைக்கு வேனில் ஏறியதும் ஹமீதுன்னிசா நகர்ந்து இடம் கொடுத்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

“ஹனி கேக்கு,” என்றாள் ஜெபமணி.

வேன் கால்நடைப் பண்ணையைத் தாண்டும் வரை ஹமீதுன்னிசா முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். டிரைவர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.

கொட்டகை வாசலில் திம்மப்பன் ரிஜிஸ்டரோடு நின்றிருந்தார். இன்றைக்கு ஜெபமணி பூவைக் குனிந்து பார்க்கவில்லை. நேரே அவரிடம் போனாள்.

“மார்ச்சு ஒண்ணாந்தேதின்னு சொன்னீங்களே சார், சாவிக்கொத்தை எப்ப தருவீங்க?”

“பர்த்தீரா, வருவீங்களா மாட்டீங்களான்னு நெனைச்சுட்டிருந்தேன். ரொம்ப நாளா பதிலே இல்லையே.”

“வீட்டுல ஒரு ஆடிட்டு நடந்துச்சு சார். முடிஞ்சிருச்சு.”

அப்போது அவள் போன் அடித்தது. அற்புதராஜ்.

“ஜெபா, நாளைக்கு முட்டைன்னு சொன்னியே. இப்ப ஒரு டிரையல் போட்டுப் பாக்கறேன். தண்ணி கொதிச்சப்புறம் எத்தனை நிமிஷம்? கூடக் கொறைய எவ்வளவு போலாம்?”

“ஓட்டைத் தட்டினா தெரியும்ங்க.”

“தட்டினா தெரியும்னா அது ஸ்டாண்டர்டு இல்லையே. எந்த எடத்துல தட்டணும்?”

“ரெண்டு முட்டை வேஸ்டு பண்ணுங்க, மூணாவதுல தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பூ பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.